வரைபடத்தில் மரத்துக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடம் கட்டுவோர், பள்ளி நிர்வாகங்கள், குடியிருப்போர் நலச்சங்கங்கள் ஆகியோருக்கு மரங்கள் குறித்து ஆலோசனை வழங்கும் சிறிய நிறுவனம் ஒன்றைச் சென்னையின் தென்புறநகரில் நடத்தி வருகிறேன். 2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் வந்தது; 2025 கார்த்திகையில் டிட்வா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எங்கள் வேலையில் கண்டவற்றை வைத்துத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன். நம் ஊர்களில், திட்டம் தீட்டி, அனுமதி பெற்று, பள்ளம் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அங்கே ஒரு மரம் நிற்பது சம்பந்தப்பட்டவர்களின் கண்ணில் படுகிறது. அதற்குள் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப் போய்விடுகிறது. வரைபடம் போடுவதற்கு முன்பே மரங்களைக் கணக்கெடுக்கவேண்டும் என்பதைத் திட்ட அனுமதி விதிகளிலேயே சேர்க்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

மழைக்காலத்தில் மரம் விழுந்தால் 'பலத்த காற்றில் வேரோடு சாய்ந்தது' என்றே செய்தி வருகிறது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அது உண்மையாகவே இருந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய காற்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சீக்கிரம் நிழல் தரும் என்று சாலையோரங்களில் நட்டுவைத்த பெருங்கொன்றையும் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் அவற்றில் ஏராளம். அயல்நாட்டு மரம் விழும், நாட்டுமரம் நிற்கும் என்ற முடிவுக்கு அப்போது பலரும் வந்தார்கள். அதில் உண்மை உண்டு என்றாலும் அது முழு உண்மையன்று என்பதைக் கடந்த இரண்டு பருவமழைகளும் காட்டிவிட்டன.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பிறகு நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்திலும் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. காற்று வர்தாவின் அளவுக்கு இல்லை. டிட்வா 2025 நவம்பர் 28ஆம் தேதி இலங்கைக்குள் நுழைந்து, அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, பிறகு நம் கரையை ஒட்டி வலுவிழந்து வந்து சென்னைப் பக்கம் நாள்கணக்கில் மழையைத் தந்தது. இரண்டிலும் நாங்கள் போய்ப் பார்த்த மரங்களில் பல, காற்று உச்சத்தில் இருந்தபோது விழவில்லை. ஓரிரு நாள் விடாமல் பெய்த மழையில் மண் ஊறிய பிறகு, சாதாரண நாளில் துணி உலர்த்தப் போதுமான காற்றுக்கே சாய்ந்தன. அவற்றில் வேம்பும் புங்கனும் பூவரசும், அதாவது நாட்டுமரங்களும், இருந்தன.

காரணம் மண்ணுக்குள்தான் இருக்கிறது. மரத்துக்கு ஆணிவேர்தான் ஆதாரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து, வேர் கிணறு மாதிரி ஆழத்துக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒரு மீட்டருக்குள்தான் படர்ந்திருக்கும். பக்கவாட்டில் அது கிளைப்பரப்பையும் தாண்டிப் போகும். நடைபாதைக்குக் கீழும் சாலையோரத்திலும் பரவியிருக்கும் அந்தப் பக்கவேர்கள்தான் காற்று வீசும் திசையிலிருந்து மரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துகின்றன. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண் நன்றாக நனைந்து கூழான பிறகு, மண்ணின் பிடி தளர்ந்து, இருக்கிற வேர்களின் நீளமும் எண்ணிக்கையும்தான் மரத்தைக் காப்பாற்றவேண்டும். அவை ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டியதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் புறநகர்த் தெரு ஒன்றில் வேப்பமரம் ஒன்று வீட்டுச் சுற்றுச்சுவர்மீது சாய்ந்துவிட்டதாக அழைத்தார்கள். "காத்து அவ்வளவு இல்லையே சார்" என்றுதான் சங்கச் செயலாளர் பேச்சைத் தொடங்கினார். மரம் மேற்கே விழுந்திருந்தது. கிழக்குப் பக்கம், அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மழைநீர் வடிகாலின் கான்கிரீட் சுவர். அந்தப் பக்கத்து வேர்களைக் கழுவிப் பார்த்தோம். மணிக்கட்டுப் பருமன் கொண்ட மூன்று வேர்கள் சுவருக்கு முன்பாகவே முடிந்திருந்தன. அவற்றின் முனை, அறுத்த முனை அன்று. பொக்லைன் பல்லில் மாட்டி நைந்து பிய்ந்த முனை. பிய்ந்த இடம் கறுத்து மெத்தென்று உளுத்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து விரல் நீளத்துக்குப் புதிய சல்லிவேர்கள் கிளம்பியிருந்தன. இது புயலில் ஏற்பட்ட காயம் அன்று, குறைந்தது ஒரு மழைக்காலத்துக்கு முந்தியது என்பதற்கு அந்தச் சல்லிவேர்களே சாட்சி. மேற்குப் பக்கத்து வேர்களோ அன்றைக்கு முறிந்தவை. உள்நார் ஈரம் காயாமல் மஞ்சளாக இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பது நமக்குத் தெரியும். அந்தத் திசையில் மரத்தைப் பிடித்திருந்த கயிறுகளை ஒரு நாள் பிற்பகலில் அறுத்துவிட்டு, மண்ணை மூடி, மேலே நடைபாதைக் கல்லும் பதித்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த மரம் அடுத்த அடைமழைக்குக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இதே தெருக்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்களிடம் அப்படிப் பேசுவது அநியாயம். அடிமரத்துக்கு அருகில் இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டலாம். வெட்டியே ஆகவேண்டிய வேரை வாளால் நேராக அறுக்கலாம். வடிகாலின் போக்கை அந்த இடத்தில் அரை மீட்டர் ஒதுக்கலாம். முடியாத இடத்தில் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாம். இவை எதுவும் புதிய தொழில்நுட்பம் அல்ல. ஆனால் ஒப்பந்தப்புள்ளியின் விலைப்பட்டியலில் 'வேருக்கு அருகே கைத்தோண்டல்' என்ற இனமே இல்லாதபோது, மேஸ்திரி தன் கைக்காசைப் போட்டு அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது வீண்.

அடிமரத்தின் விட்டத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்தை வேர்ப்பாதுகாப்பு ஆரமாக வைத்து, அதற்குள் தோண்டுவதையும் பொருள்களைக் குவிப்பதையும் தவிர்க்கச் சொல்கிறது கட்டுமான இடங்களுக்கான பிரிட்டன் நாட்டுத் தர நியமம். ஐம்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது ஆறு மீட்டர். மாம்பலத்துத் தெருவில் ஆறு மீட்டர் விடச் சொன்னால் எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். அந்த எண்ணை அப்படியே இங்கே இறக்கவேண்டும் என்பதில்லை. நம் மண், நம் மரங்கள், நம் தெரு அகலம் இவற்றுக்கு ஏற்ற ஓர் எண்ணை வனத்துறையும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வகுத்துத் தரட்டும். எந்த எண்ணும் இல்லாத இன்றைய நிலைதான் ஆபத்தானது.

மர ஆலோசகர் என்றால் எந்த மரத்தையும் வெட்டக்கூடாது என்று சொல்பவர் என ஓர் எண்ணம் இருக்கிறது. இந்த ஆண்டு ஒரு பள்ளி வளாகத்தில் பூத்துக் குலுங்கிய குல்மோகரை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அடிமரத்தைச் சுற்றிக் கரும்பழுப்பு நிறத்தில், விளிம்பு மட்டும் வெள்ளையாக, மெழுகு பூசியதுபோல் மினுமினுக்கும் காளான் முளைத்திருந்தது. ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் பொத்தென்றும் கேட்டது. அது கானோடெர்மா. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குவதும் இந்த இனத்தைச் சேர்ந்த காளான்தான். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் அந்நோய் முதலில் கண்டறியப்பட்டது என்பது வேளாண்மை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். குல்மோகரையும் பெருங்கொன்றையையும் அது வேரிலிருந்து அரிக்கும். மேலே தழை பச்சையாகவே இருப்பதால் கீழே நடப்பது யாருக்கும் தெரியாது. வேர்களில் ஏற்படும் காயங்கள் இத்தகைய அழுகலுக்கு வழி திறந்துவிடுகின்றன. அடிமரம் வரை கான்கிரீட் போட்டு மூடுவது மரத்தை மேலும் நலிவடையச் செய்கிறது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. இங்கே புதிதாக நடைபாதை போடும்போது அதை ஒரு வழக்கமாகவாவது கொள்ளலாம்.

இனி விதிகளைப் பற்றி. தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளின் மரங்களுக்கு 1955இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. நகர்ப்புற மரங்களுக்கு மகாராட்டிரம் 1975இலும், மரங்களைக் காக்க மாநிலம் தழுவிய சட்டத்தைக் கர்நாடகம் 1976இலும், தில்லி 1994இலும் இயற்றின. இங்கே 2021இல் மாநில, மாவட்ட அளவில் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பொது இடத்து மரத்தை வெட்ட அந்தக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அதே ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததும், கோனோகார்பஸ் என்னும் அயல்நாட்டு மரத்தை நடுவதற்கு 2025இல் அரசு தடை விதித்ததும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் நடைமுறையில் எல்லாமே 'வெட்டலாமா, கூடாதா, வெட்டினால் எத்தனை கன்று' என்ற கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன. மரத்தை வெட்டாமல், அதன் வேரை மட்டும் வெட்டுகிறவர் எந்தக் குழுவின் முன்னும் போய் நிற்கவேண்டியதில்லை. மேலே சொன்ன வேப்பமரத்தை யாரும் வெட்டவில்லை. அது 'இயற்கைச் சீற்றத்தில்' விழுந்தது.

கன்றுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பத்தும் எந்த ஊரில், எந்த மண்ணில், யார் தண்ணீர் ஊற்றி வளர்க்கப்போகிறார்கள் என்பதற்குப் பதில் இருந்தால்தான் அது கணக்கு. நாற்பது ஆண்டு மரம் ஒன்று சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்குக் கொடுத்த நிழலை, புறவழிச்சாலையோரம் கூண்டுக்குள் நிற்கும் இடுப்பளவுக் கன்று ஈடுசெய்ய நாற்பது ஆண்டுகள் ஆகும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்த பிறகு, இருக்கிற நிழலை இழப்பதும் பேரிடர்க் கணக்கில்தான் சேரவேண்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021இல் ஒரு மரத்தின் மதிப்பை அதன் வயதுடன் 74,500 ரூபாயைப் பெருக்கிக் கணக்கிட்டது. எல்லா மரத்துக்கும் ஒரே எண் என்பது எனக்கு உடன்பாடில்லை. வயதான மரத்துக்கும் கன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பணத்தில் காட்டியது மட்டும் பயனுள்ளது. மதுரா–பிருந்தாவனப் பகுதியில் அனுமதியின்றி வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் உறுதிசெய்ததையும் வாசகர்கள் அறிவார்கள்.

கட்டுமானத் திட்டங்களில் நடப்பது வேறு விதம். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவாக்கப்பட்டது. நேற்றுவரை ஊராட்சியாக இருந்த இடங்களில், வரப்பில் நின்ற பனையும் களத்துமேட்டு இலுப்பையும் ஐயனார் கோயில் ஆலமரமும் இப்போது மனைகளுக்குள் வந்துவிட்டன. கோடையில் ஒரு கட்டுமான நிறுவனம் எங்களை அழைத்தது. நிலத்தின் மூலையில் மூவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத இலுப்பை. அந்த இடத்தில்தான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வருகிறது. அதை ஏழெட்டு மீட்டர் தள்ளி வைக்க நிலத்தில் இடம் இருந்தது. கட்டடக் கலைஞரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வரைபடத்துக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது, மாற்றினால் திருத்திய அனுமதிக்கு மறுபடி மாதக்கணக்கில் அலையவேண்டும், வங்கிக் கடனுக்கு வட்டி ஓடுகிறது என்றார்கள். மரத்தை இடம் மாற்றுவது என்று முடிவானது. இடமாற்றத்துக்கு முன், பல வாரங்கள் இடைவெளி விட்டுப் பக்கத்துக்குப் பக்கமாக வேரைக் கழித்து, புதுச் சல்லிவேர் பிடித்த பிறகே மரத்தைத் தூக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அத்தனை வாரம் யாருக்கு இருக்கிறது? கத்திரி வெயிலில், ஒரே இரவில், கிரேன் வைத்துத் தூக்கினார்கள். ஆடி பிறப்பதற்குள் இலுப்பை விறகாகிவிட்டது. ஆலும் அரசும் இப்படிப்பட்ட முரட்டு வைத்தியத்தையும் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். எல்லா மரமும் ஆலமரம் அன்று.

அதே கோடையில் இன்னொரு நில உரிமையாளர் வரைபடம் போடுவதற்கு முன்பே வந்தார். மரங்களை அளந்து, இனம், விட்டம், கிளைப்பரப்பு, உடல்நிலை ஆகியவற்றைக் குறித்து, எவற்றைக் காக்கவேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று வகை பிரித்துக் கொடுத்தோம். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கவேண்டும். அந்தப் பத்து விழுக்காட்டைப் பயனில்லாத மூலையில் காட்டாமல், ஆலமரமும் நாவலும் நின்ற இடத்திலேயே காட்டினார் அவருடைய கட்டடக் கலைஞர். உரிமையாளருக்கு ஒரு சதுர அடியும் நட்டமில்லை; ஊருக்கு முதல்நாளிலேயே நிழலுள்ள பூங்கா. இரண்டு மனைகளுக்கும் வேறுபாடு, மரக் கணக்கெடுப்பு வரைபடத்துக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது மட்டுமே. இருபதாயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோர் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி பெறும்போது மரங்களைப் பற்றியும் பேசவேண்டி வருகிறது. அதற்குக் கீழே, எங்களிடம் வரும் பெரும்பாலான வரைபடங்களில் மனை வெற்றுத்தரையாகவே வரையப்பட்டிருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மரத்தை வரைபடத்தில் குறித்தாகவேண்டும் என்றால், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே ஆளை வைத்து வெட்டிவிட்டு வெறும் நிலத்தைக் காட்டுவார்கள் என்கிறார்கள். நடக்கும், இப்போதே நடக்கிறது. தண்டனை மட்டும் இருக்கும் சட்டம், மரம் வைத்திருப்பவனை மரத்துக்கு எதிரியாக்கிவிடும் என்பது என் கருத்து. எனவே, பெரிய மரத்தைக் காத்துக் கட்டுபவருக்குத் தளப்பரப்புக் குறியீட்டில், அதாவது மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதத்தில், சிறு சலுகையோ, பக்கவாட்டு இடைவெளியில் தளர்வோ தரலாம். மரத்தைக் காப்பதற்காக மட்டும் செய்யும் வரைபடத் திருத்தத்துக்குக் கட்டணமின்றி விரைந்து அனுமதி தரலாம். முன்கூட்டியே வெட்டியவர்களைக் கண்டுபிடிக்கப் பழைய செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. அதிகாரிகளுக்கு வேலைச்சுமை கூடும் என்ற கவலைக்கு, சில ஏக்கர் மனையின் மரங்களை அளந்து குறிக்க இரண்டு பேருக்கு ஒரு பகல் போதும் என்பதே பதில்.

சென்னையின் இரண்டாம் பெருந்திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் பெருந்திட்டம் தயாராகி வருகிறது. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், அந்தத் திட்டத்திலும் அதையொட்டித் திருத்தப்படும் கட்டட விதிகளிலும், குறிப்பிட்ட பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் மனை வரைபடத்தில் வேர்ப்பரப்போடு குறிப்பதைக் கட்டாயமாக்கவேண்டும். திறந்தவெளி ஒதுக்கீட்டை இயன்றவரை மரங்கள் நிற்கும் இடத்தில் அமைக்கச் சொல்லவேண்டும். சாலை, வடிகால், குடிநீர், மின்வடம் என்று யார் தோண்டினாலும், அவர்களுடைய ஒப்பந்தப்புள்ளியில் கைத்தோண்டலுக்கும் வேரை முறையாக அறுப்பதற்கும் தனி விலை சேர்க்கப்படவேண்டும். மாவட்டப் பசுமைக் குழுவின் வரம்புக்குள் வேர் வெட்டுதலும் வரவேண்டும். உள்ளாட்சிகள் கவாத்து வேலையை ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மின்கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் கிளைகளை மொட்டையடிப்பதோடு முடித்துக்கொள்ளாமல், ஆடி ஆவணியிலேயே பயிற்சி பெற்ற ஆள்களைக் கொண்டு சமச்சீராகச் செய்யவேண்டும். அப்போதே, கடந்த இரண்டு ஆண்டுகளில் பள்ளம் தோண்டப்பட்ட தெருக்களின் மரங்களை முதலில் சோதித்து, சாயக்கூடியவற்றைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை வார்டு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், தங்கள் வாசலில் நிற்கும் மரத்தின் நிலை என்ன என்பதைக் குடியிருப்போர் புரட்டாசிக்குள் தெரிந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
மர ஆலோசகர் ஒருவர்,
கிழக்குத் தாம்பரம்.